லேப்டாப்புல ஒழுங்கா ஓடற ஃபில்டர் போர்டுல ஏன் சொதப்புது

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். இசிஜி போர்டு ஒண்ணு, செகண்டுக்கு 500 சாம்பிள், 16 பிட் ஃபிக்ஸட் பாயிண்ட் ப்ராசஸர் (புள்ளி ஒரே இடத்துல நிக்கும், எல்லாம் முழு எண் கணக்குதான்). பேஸ்லைன் அலையறத எடுக்க 0.5 ஹெர்ட்ஸ்ல ரெண்டாவது ஆர்டர் ஹைபாஸ் (அதுக்குக் கீழ இருக்கறத வெட்டறது; ஆர்டர்னா எத்தனை சாம்பிள் பின்னாடி வரைக்கும் பாக்குதுங்கறது), மேல இருக்கற நாய்ஸுக்கு 40 ஹெர்ட்ஸ்ல எட்டாவது ஆர்டர் எலிப்டிக் லோபாஸ் (அதுக்கு மேல இருக்கறத வெட்டறது, எலிப்டிக்ங்கறது ஒரு டிசைன் வகை). பைத்தான்ல போட்டா அழகா வருது. கோஎஃபிஷியண்ட்ட (சாம்பிள பெருக்கற எண்கள) 16 பிட்டுக்கு ரவுண்ட் பண்ணி போர்டுல ஏத்தினா லோபாஸ் இன்புட்டே இல்லாம தானா அலையடிச்சு கத்துது, ஹைபாஸோட கட்டாஃப் (வெட்டு ஆரம்பிக்கற ஃப்ரீக்வென்சி) தள்ளிப் போய் நிக்குது, போதாக்குறைக்கு கோடு கீழ எறங்கி அங்கயே ஒக்காந்துக்குது. "அக்கா, 32 பிட் சிப்புக்கு மாறிடலாமா, இல்ல இதுலயே ஏதாவது வழி இருக்கா, மல்டிப்ளிகேஷனும் ஏறக்கூடாது"ன்னு கேள்வி.

வழி இருக்கு. ஆனா மூணும் ஒரே வியாதின்னு நெனச்சு மருந்து தேடாதீங்க, மூணும் வேற வேற. பொதுவா ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், ரவுண்ட் பண்றதுல தப்பே இல்ல, எந்த நம்பர ரவுண்ட் பண்றோம்ங்கறதுதான் விஷயம். ஒரே ஃபில்டர பத்து விதமா எழுதலாம், பேப்பர்ல பத்தும் ஒண்ணுதான், 16 பிட்டுல பத்தும் பத்து ஃபில்டர்.

ஹைபாஸ்லேந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அதுலதான் நான் நல்லா அடி வாங்கினேன். பெங்களூர் வந்த புதுசுல ஜெயநகர் பக்கம் ஒரு சின்ன கம்பெனி, மாடில நாலு டேபிள், ஒரு ஆசிலாஸ்கோப், உங்க மாதிரியே ஒரு இசிஜி போர்டு. 0.5 ஹெர்ட்ஸ் கேட்டா 0.6க்கு மேல எங்கயோ வருது, நான் சாம்பிளிங் க்ளாக் மேல சந்தேகப்பட்டு எஸ்.பி. ரோடு போய் புது க்ரிஸ்டல் வாங்கிட்டு வந்து மாத்தினேன், அப்பவும் அதேதான். கடைசில ஒரு நாள் சாயங்காலம் சில்க் போர்டு ஜாம்ல பஸ் முக்கால் மணி நேரம் நகரவே இல்ல, டிக்கெட்டுக்குப் பின்னாடி கணக்கு போட்டுப் பாத்தப்பதான் புரிஞ்சுது. அந்தக் கணக்க அப்பிடியே தரேன், நீங்களும் போட்டுப் பாருங்க.

உங்க ஹைபாஸ் பட்டர்வொர்த்துன்னு (மேடு பள்ளம் இல்லாத வகை) எடுத்துக்கறேன். ஃபீட்பேக் பக்கம், அதாவது போன ரெண்டு அவுட்புட்ட பெருக்கறதுக்கு, ரெண்டு நம்பர், ஏ1 = −1.991114, ஏ2 = 0.991154. ஏ1 ஒண்ண தாண்டறதால சைன் பிட் ஒண்ணு, முழு எண்ணுக்கு ஒண்ணு போக மிச்சம் 14 பிட், ஆக ஒரு ஸ்டெப் 1/16384, அதாவது 0.000061. ஏ1 அந்த ஸ்டெப் கணக்குல 32622.4, ரவுண்ட் பண்ணினா 32622. ஏ2 16239.06, அது 16239. லட்சத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான் தப்பு, யார் பாத்தாலும் சரியாத்தான் இருக்குன்னு சொல்லுவாங்க, நானும் அப்பிடித்தான் சொன்னேன்.

ஆனா கட்டாஃப் ஏ1லயும் இல்ல, ஏ2லயும் இல்ல. 1 + ஏ1 + ஏ2 கூட்டிப் பாருங்க, அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு. ரெண்டு பெரிய நம்பர் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு மிஞ்சறது 0.0000393, இதோட வர்க்கமூலத்த ஒட்டித்தான் கட்டாஃப் போகும். நம்ம கையில இருக்கற அளவுகோலோட மிகச் சின்ன கோடே 0.000061. வேணுங்கற அளவு ஒரு கோட்டுல மூணுல ரெண்டு பங்குதான். ரவுண்ட் பண்ணினதுல போட்டா 16384 − 32622 + 16239 = 1. ஒரே ஒரு ஸ்டெப். அதுக்கு வர்ற கட்டாஃப் 0.62 ஹெர்ட்ஸ். அதுக்குக் கீழ அடுத்தது 0, அப்ப ஒரு போல் (ஃபீட்பேக் பாலினாமியலோட ரூட், ரேடியஸ் 1 இருக்கற யூனிட் சர்க்கிளுக்குள்ள இருந்தாத்தான் ஃபில்டர் அடங்கும்) சரியா 1 மேலயே போய் ஒக்காந்துக்கும், அது ஃபில்டர் இல்ல, வந்தத கூட்டிக்கிட்டே போற இன்டெக்ரேட்டர். மேல போனா 0.88, அடுத்தது 1.08. நடுவுல எதுவும் கிடையாது, எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி, நீங்க எங்க எறங்கணும்னாலும் அவன் நிறுத்தற ஸ்டாப்புலதான் எறங்கணும். கட்டாஃப் மட்டும் இல்ல, க்யூவும் (கட்டாஃப் பக்கத்துல எவ்வளவு எழும்பும்ங்கற அளவு) 0.707 இருந்தது 0.88 ஆயிடும், அதனால பாஸ்பேண்ட் (ஃபில்டர் கடத்தி விடற பகுதி) தொடங்கற இடத்துல 0.6 டிபி அளவுக்கு ஒரு மேடு வேற எழும்பும்.

கட்டாஃப் பாதியானா அந்த மிச்சம் நாலுல ஒரு பங்காகும், அதாவது ஒவ்வொரு ஆக்டேவ் கீழ போறப்பவும் ரெண்டு பிட் காலி. இத ஏன் சொல்றேன்னா "ஃப்ளோட் (புள்ளி நகர்ற எண்) போட்டா சரியாயிடும்"னு நெறைய பேர் நெனக்கறாங்க. 0.5க்கு ஃப்ளோட் போதும், தப்பு கால் சதவீதத்துக்குள்ளதான் இருக்கும். ஆனா டயக்னாஸ்டிக் இசிஜிக்கு 0.05 ஹெர்ட்ஸ் கேப்பாங்க, அப்ப அந்த மிச்சம் 0.0000004 அளவுக்கு வந்துடும், 32 பிட் ஃப்ளோட்டோட 24 பிட் மேன்டிசால (எண்ணோட இலக்கங்கள் நிக்கற பகுதி) அதுல இருபது சதவீதத்துக்கு மேலயே தப்பு வரலாம். அதே கதைதான், கொஞ்சம் தள்ளி நடக்கும், அவ்வளவுதான்.

இதுக்கு பழைய வைத்தியம் ஒண்ணு, 1967ல கோல்ட், ரேடர்னு ரெண்டு பேர் சொன்னது. ஏ1, ஏ2வ விட்டுட்டு, போலோட ரியல் பார்ட், இமாஜினரி பார்ட் ரெண்டையும் நேரா கோஎஃபிஷியண்ட்டா வெச்சு ரெண்டு ஸ்டேட்ட (ஃபில்டர் ஞாபகம் வெச்சுக்கற எண்கள) ஒண்ணுக்கொண்ணு குறுக்கா கட்டறது. அப்ப போல் நிக்கக்கூடிய இடமெல்லாம் கோலத்துக்கு வெச்ச புள்ளி மாதிரி எல்லா இடத்துலயும் சம தூரத்துல இருக்கும். டைரக்ட் ஃபார்ம்ல (ஏ1, ஏ2வ நேரா வெச்சு எழுதறதுல) அப்பிடி இல்ல, ஓரத்துல புள்ளி நெருக்கமா இருந்து 1 பக்கத்துல வந்தா பொட்டல் காடா கெடக்கும், நமக்கோ சரியா அங்கதான் வேணும். குறுக்குக் கட்டுல நம்ம போலோட இமாஜினரி பார்ட் 0.00442, 15 பிட் ஸ்டெப்புல 145, அரை ஸ்டெப் தப்பானாலும் ஒரு சதவீதத்துல மூணுல ஒரு பங்குதான். டைரக்ட் ஃபார்ம்ல 25 சதவீதம் தள்ளிப் போனது எங்க, இது எங்க. குறை என்னன்னா ரெண்டு மல்டிப்ளை இருந்த இடத்துல நாலு.

நீங்க மல்டிப்ளை ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டீங்க, அதனால எனக்குப் பிடிச்ச வழி வேற. ஒளிஞ்சிருக்கற அந்த மிச்சத்தையே வெளிய எடுத்து கோஎஃபிஷியண்ட்டா வெச்சுடுங்க. 1 + ஏ1 + ஏ2வ ஜின்னு வெச்சுக்கோங்க, 1 − ஏ2வ டின்னு வெச்சுக்கோங்க. போன சாம்பிளோட அவுட்புட்லேந்து அதுக்கு முந்தினத கழிச்சா வித்தியாசம். இப்ப,

புது அவுட்புட் = பழைய அவுட்புட் + வித்தியாசம் − டி × வித்தியாசம் − ஜி × பழைய அவுட்புட் + இன்புட் பக்கத்துலேந்து வர்றது.

விரிச்சுப் பாத்தா அச்சு அசல் அதே ஃபில்டர்தான், அதே ரெண்டு மல்டிப்ளைதான். ஆனா இப்ப ஜி 0.0000393, டி 0.008846, ரெண்டும் சின்ன நம்பர், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஸ்கேல் குடுக்கலாம். ஜிய 2இன் அடுக்கு 29ஆல பெருக்கினா 21101, டிய 2இன் அடுக்கு 21ஆல பெருக்கினா 18552, ரெண்டும் 16 பிட்டுல ஜம்முனு அடங்குது, தப்பு லட்சத்துல மூணு பங்கு கூட வராது, அதுவும் நேரா கட்டாஃப்லயே. ஜி பெருக்கினத 8 பிட் வலது பக்கம் நகத்தி டி பெருக்கினதோட கூட்டிக்கோங்க, 40 பிட் அக்குமுலேட்டர்ல (கூட்டல் சேர்ற ரெஜிஸ்டர்) தாராளமா நிக்கும். யோசிச்சுப் பாத்தா இதுல ஒரு அழகு இருக்கு, ஜிங்கறது ஸ்பிரிங், டிங்கறது உராய்வு, ஒரு கட்டைய ஸ்பிரிங்ல கட்டி மேசை மேல இழுத்து விட்ட கணக்குதான் இது, −1.991114னு ஒரு நம்பருக்கு அப்பிடி ஒரு அர்த்தம் சொல்லவே முடியாது. 1975ல அகர்வால், பர்ரஸ் ரெண்டு பேரும் இந்த மாதிரி அமைப்புகள முறையா எழுதிட்டாங்க, டெல்டா ஆபரேட்டர்னு பின்னாடி வந்ததும் இதே ஜாதிதான், ஏதோ புது வித்தைன்னு நெனச்சுக்காதீங்க.

அடுத்து, கோடு கீழ எறங்கி ஒக்காந்துக்குதுன்னு சொன்னீங்கல்ல. அது கோஎஃபிஷியண்ட் பிரச்சனையே இல்ல. உங்க கோட்ல பெருக்கிக் கூட்டி முடிச்சதும் வலது பக்கம் 14 பிட் ஷிஃப்ட் பண்ணி 16 பிட்ல போட்டுருப்பீங்க. வலது ஷிஃப்ட் எப்பவும் கீழ் பக்கமாத்தான் வெட்டும், −0.1 இருந்தாலும் −1 ஆக்கும். சராசரியா ஒவ்வொரு தடவையும் அரை எண் கீழ. இந்த ஃபில்டரோட ஃபீட்பேக்குக்கு டிசி கெயின் (மாறாம நிக்கற இன்புட் எத்தனை மடங்காகும்ங்கறது) என்னன்னா 1/ஜி, உங்க ரவுண்ட் பண்ணின ஃபில்டர்ல 16384. ஆக அரை எண் × 16384. கையாலயே பாக்கலாம், இன்புட் சுத்தமா 0ன்னு வெச்சு, அவுட்புட் −5000ல நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. 32622 − 16239 = 16383, அத −5000ஆல பெருக்கி 16384ஆல வகுத்தா −4999.7, கீழ வெட்டினா திரும்ப −5000. நகரவே நகராது. 0லேந்து −16383 வரைக்கும் எந்த எண்ணுல போய் நின்னாலும் இதே கதி. டிசிய எடுக்கறதுக்குன்னு போட்ட ஃபில்டர் தானே டிசி போட்டுக்கிட்டு நிக்குது, வேலிக்கு வெச்ச முள்ளு வீட்டுக்காரன் கால்ல ஏறின கதை.

மருந்து ரொம்ப சின்னது. ஷிஃப்ட் பண்றப்ப கீழ விழற பிட்டுகள தூக்கிப் போடாம ஒரு 32 பிட் வேரியபிள்ல வெச்சுக்கிட்டு அடுத்த சாம்பிள் கணக்குல முதல்ல அத கூட்டிடுங்க. ஒரு கூட்டல், ஒரு மெமரி, மல்டிப்ளையே இல்ல. கடைக்காரர் சில்லறை இல்லன்னா "அடுத்த தடவ கழிச்சுக்கலாம்மா"ம்பார்ல, அதே கணக்கு, மொத்தத்துல ஒரு பைசா நஷ்டம் வராது. தப்போட டிசி பாகம் முழுசா அடிபட்டுப் போயிடும். மேல சொன்ன ஜி, டி அமைப்புக்கும் இத கட்டாயம் போடுங்க, அங்க 1/ஜி இன்னும் பெருசு, 25,000க்கு மேல. ஜெயநகர் கம்பெனில இத கண்டுபிடிக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு, அதுல ரெண்டு வாரம் எலக்ட்ரோட் ஜெல் மேல பழி போட்டுட்டு இருந்தோம்.

இப்ப லோபாஸ். இங்க வியாதி வேற. எட்டாவது ஆர்டர ஒரே டைரக்ட் ஃபார்மா எழுதியிருக்கீங்க, அதுதான் எல்லாத்துக்கும் காரணம். நாம ரவுண்ட் பண்றது எட்டாவது டிகிரி பாலினாமியலோட கோஎஃபிஷியண்ட்ட, ஃபில்டரோட உயிர் இருக்கறது அதோட ரூட்ல. ஒரு கோஎஃபிஷியண்ட் இத்துனூண்டு நகந்தா ஒரு போல் எவ்வளவு நகரும்னு பாக்க ஒரு ஃபார்முலா இருக்கு, அதுல வகுக்கற எடத்துல வர்றது என்னன்னா அந்தப் போல்லேந்து மத்த ஏழு போலுக்கும் உள்ள தூரங்களோட பெருக்கல். லோபாஸ்ல கட்டாஃப் சின்னதா இருந்தா எட்டு போலும் ஒரே பக்கமா நெருக்கியடிச்சு நிக்கும், தீபாவளிக்கு முந்தின ராத்திரி சாந்திநகர் பஸ் ஸ்டாண்டுல சேலம் பஸ்ஸுல ஏறினவங்க மாதிரி, ஒருத்தர இடிச்சா எட்டு பேரும் ஆடுவாங்க. ஒவ்வொரு தூரமும் தோராயமா 0.3ன்னு வெச்சா ஏழு தடவ பெருக்கினா 0.0002, ஆக தப்பு 4500 மடங்கு பெருசாகும். அதோட இந்த கோஎஃபிஷியண்ட் எல்லாம் இருபது முப்பதுன்னு வளந்து நிக்கும், அதுக்கு 5 முழு எண் பிட் போனா மிச்சம் 10 பிட்தான், அரை ஸ்டெப் 0.0005. பெருக்கிப் பாத்தா 2க்கு மேல வருது. யூனிட் சர்க்கிளோட ரேடியஸே 1. கத்தாம என்ன பண்ணும்.

இது ஃபில்டர்காரங்களுக்கு மட்டும் வந்த சோதனை இல்ல. வில்கின்சன்னு ஒரு இங்கிலீஷ்கார கணித ஆள், 1லேந்து 20 வரைக்கும் முழு எண்கள் ரூட்டா இருக்கற பாலினாமியல எடுத்து, −210ங்கற ஒரே ஒரு கோஎஃபிஷியண்ட்ட 2இன் அடுக்கு −23 அளவுக்கு மட்டும் நகத்தினார். 16, 17ங்கற ரூட் ரெண்டும் காணாம போய் 16.73 ± 2.81ஐன்னு காம்ப்ளெக்ஸா வந்து நின்னுது. டிஜிட்டல் ஃபில்டருக்கு இதே எச்சரிக்கைய பெல் லேப்ஸ்ல இருந்த கைசர் 1965லயே குடுத்துட்டார். அறுபது வருஷம் ஆகியும் காலேஜ் லேப் ரெக்கார்டுல இன்னும் எட்டாவது ஆர்டர் டைரக்ட் ஃபார்ம் எழுத வெக்கறாங்க, அது வேற விஷயம்.

எல்லாரும் சொல்ற தீர்வு பைக்வாட்ல (ரெண்டாவது ஆர்டர் துண்டுகளா) பிரிக்கறது. சரிதான், ரெண்டு ரெண்டு போலா பிரிச்சுட்டா ஒரு ஜோடி ஆடினா அடுத்த ஜோடிக்குத் தெரியாது. 40 ஹெர்ட்ஸுங்கறது 500ல அவ்வளவு கீழயும் இல்ல, அதனால ஹைபாஸ்ல வந்த பொட்டல் காடு பிரச்சனை இங்க வராது. சைப்பைல (பைத்தான் லைப்ரரி) டிசைன் பண்றப்பவே எஸ்ஓஎஸ் ஃபார்ம்ல, அதாவது பைக்வாட் துண்டுகளாவே கேளுங்க, பாலினாமியல்ல வாங்கிட்டு அப்பறம் ரூட் எடுத்துப் பிரிக்காதீங்க, அங்கயே பாதி துல்லியம் போயிடும். யூனிட் சர்க்கிளுக்கு ரொம்பக் கிட்ட இருக்கற போல்ல ஆரம்பிச்சு அதுக்குப் பக்கத்துல இருக்கற ஸீரோவோட (ஃபில்டர் அவுட்புட் 0 ஆகற இடம்) ஜோடி சேருங்க, கிட்ட கிட்ட இருந்தாத்தான் அந்த செக்ஷனோட உச்சி ரொம்ப எகிறாது. இதுக்கு மேல பைக்வாட் பத்தி புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல.

ஆனா எலிப்டிக் லோபாஸுக்கு நான் பைக்வாட் போட மாட்டேன். ரெண்டு ஆல்பாஸ் போட்டு கூட்டி ரெண்டால வகுக்கற அமைப்பு இருக்கு, லேட்டிஸ் வேவ் டிஜிட்டல் ஃபில்டர்னு பேரு, அததான் போடுவேன். இது எங்கேந்து வந்ததுன்னு சொன்னா ஏன் நல்லதுன்னு தானா புரியும். ட்ரான்சிஸ்டருக்கு முந்தின காலத்துல டெலிஃபோன் ஃபில்டர் எல்லாம் காயில், கண்டென்சர் ஏணிதான், ரெண்டு முனையிலயும் ரெசிஸ்டர். அதுல காயில் அஞ்சு சதவீதம் தப்பா இருந்தாலும் பாஸ்பேண்ட் அசையாம நிக்கும். ஏன்னு 1966ல ஆர்ச்சர்டுன்னு ஒருத்தர் ரெண்டு பக்கத்துல சொல்லிட்டார். அந்த ஏணி சில ஃப்ரீக்வென்சில சோர்ஸ் குடுக்கக்கூடிய அதிகபட்ச பவர முழுசா லோடுக்கு அனுப்புது. அதுக்கு மேல அனுப்ப முடியாது. அப்ப எந்த பார்ட்ட கூட்டினாலும் கொறச்சாலும் பவர் கொறையத்தான் முடியும், கூட வழியே இல்ல. நந்தி ஹில்ஸ் உச்சில நிக்கறோம்னு வைங்க, எந்தப் பக்கம் கால் வெச்சாலும் எறக்கம்தான், ஆனா சரியா உச்சியில தரை சமமா இருக்கும், அதனால சின்ன அடி வெச்சா உயரத்துல ஒண்ணும் பெருசா மாறாது. முதல் டெரிவேட்டிவ் ஸீரோ. 1971ல ஃபெட்வைஸ் இந்த ஏணிய அப்பிடியே டிஜிட்டலுக்கு கொண்டு வந்தார், பின்னாடி 1985ல காட்ஸி லேட்டிஸ் வகைக்கு நேரடி ஃபார்முலாவே எழுதிட்டார், 1986ல வைத்தியநாதன், மித்ரா, நியூவோ மூணு பேரும் சர்க்யூட் பேச்சே இல்லாம முழுக்க டிஜிட்டல் பக்கத்துலேந்தே இத நிறுவினாங்க.

ஆல்பாஸ்னா எல்லா ஃப்ரீக்வென்சிலயும் அளவு 1, ஃபேஸ் மட்டும் மாறும். கோஎஃபிஷியண்ட்ட எப்பிடி ரவுண்ட் பண்ணினாலும் அது ஆல்பாஸாத்தான் இருக்கும், ஏன்னா அந்தப் பின்னத்துல மேலயும் கீழயும் அதே நம்பர் திருப்பிப் போட்டு வருது. அளவு 1 இருக்கற ரெண்டு அம்ப கூட்டி பாதியாக்கினா 1ஐத் தாண்டவே முடியாது, ரெண்டும் ஒரே திசைல இருந்தா 1, எதிரெதிரா இருந்தா 0. அதான் பாஸ்பேண்ட், ஸ்டாப்பேண்ட். இப்ப ரவுண்டிங்கால ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல 0.002 ரேடியன் தப்பு வந்துடுச்சுன்னு வைங்க, அதாவது 0.11 டிகிரி. பாஸ்பேண்ட்ல அவுட்புட் கொறையறது கோடில அஞ்சு பங்கு, எந்த மீட்டர்லயும் தெரியாது. அதே தப்பு ஸ்டாப்பேண்ட்ல 0.001 அளவுக்கு கசியும், அதாவது −60 டிபி. இத யாரும் வெளிப்படையா சொல்றதில்ல, "லோ சென்சிடிவிட்டி"ன்னு விக்கறாங்க, அது பாஸ்பேண்டுக்கு மட்டும்தான். ஸ்டாப்பேண்ட் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கறத நம்பி இருக்கு, அதுக்கு பிட் வேணும். 16 பிட்டுல 60 டிபி வர்றது கஷ்டமில்ல, உங்க வேலைக்கு அது போதும், 100 டிபி வேணும்னா இந்த அமைப்ப நம்பாதீங்க, அங்க ஸீரோவ நேரா வட்டத்து மேலயே கட்டி வெக்கற பைக்வாட்தான் ஜெயிக்கும்.

செலவ பாருங்க. லோபாஸுக்கு இது ஒத்தப்படை ஆர்டர்லதான் வரும், அதனால எட்ட விட்டு ஏழுக்கு எறங்குங்க, இல்ல ஒம்பதுக்கு ஏறுங்க. ஏழாவது ஆர்டருக்கு ஏழே மல்டிப்ளை. அதையே பைக்வாட்ல போட்டா, ஸீரோ வட்டத்து மேல இருக்கறதால செக்ஷனுக்கு மூணுன்னு மூணு செக்ஷன், கூட முதல் ஆர்டருக்கு ஒண்ணு, பத்து, அதுக்கு மேல ஸ்கேலிங்குக்கு வேற. முதல் ஆர்டர் ஆல்பாஸ் எழுதறது ஒரே வரி, முந்தின இன்புட் + சி × (இப்போதைய இன்புட் − முந்தின அவுட்புட்). ரெண்டாவது ஆர்டருக்கு ரெண்டு மல்டிப்ளை, அத ஏ1, ஏ2ன்னு எழுதாம ரெண்டு அடாப்டரா (ஒரு மல்டிப்ளை, சில கூட்டல் மட்டும் இருக்கற சின்ன துண்டு) எழுதினா ஒரு கோஎஃபிஷியண்ட் ரேடியஸ் பாத்துக்கும், இன்னொண்ணு ஏறக்குறைய கோணத்த பாத்துக்கும், ரெண்டும் −1க்கும் 1க்கும் நடுவுல இருக்கற வரைக்கும் ஸ்டேபிள், அதுக்கு மேல ஒரு செக்கும் வேணாம். முழு எண் பிட்டே வேண்டாம், 15 பிட்டும் பின்னத்துக்கே. உங்க எட்டாவது ஆர்டர் கத்தின மாதிரி இது கத்தறதுக்கு வழியே இல்ல.

ஒரு சங்கடம், ஃபேஸ். டாக்டர் எஸ்டி செக்மென்ட் (துடிப்போட கூர் முனைக்கு அப்பறம் வர்ற பகுதி) பாக்கறதுக்குன்னா வளைவோட வடிவம் முக்கியம், எலிப்டிக் அத கோணலாக்கும். அப்ப லோபாஸ எஃப்ஐஆர்ல (இன்புட் சாம்பிள்கள மட்டும் பெருக்கிக் கூட்டற வகை) போடுங்க. 61 டேப்னு, அதாவது 61 கோஎஃபிஷியண்ட்னு வெச்சா ரெண்டு பக்கமும் சமச்சீரா இருக்கறதால 31 மல்டிப்ளை, 500 சாம்பிளுக்கு இது ஒண்ணுமே இல்ல. ரவுண்ட் பண்ணினாலும் சமச்சீர் அப்பிடியே இருக்கும், ஆக லீனியர் ஃபேஸ் (எல்லா ஃப்ரீக்வென்சியும் ஒரே அளவு தாமதமாகறது) ஒரு துளி கூட கெடாது, ஃபீட்பேக் இல்லாததால கத்தவும் கத்தாது. ஒவ்வொரு டேப்லயும் அதிகபட்சம் அரை ஸ்டெப் தப்பு, அத்தனையும் ஒரே பக்கம் சேந்தா கூட −60 டிபிதான், சாதாரணமா −83 கிட்ட நிக்கும். இன்னொரு சின்ன தந்திரம், 40 ஹெர்ட்ஸ் லோபாஸ்ல நடு டேப்பே 0.16தான் இருக்கும், எல்லாத்தையும் நாலால பெருக்கி வெச்சுக்கிட்டு கடைசில ரெண்டு பிட் ஷிஃப்ட் பண்ணுங்க, 12 டிபி இனாம். பாதி பேர் இத பண்ணாம "16 பிட் பத்தல"ன்னு சொல்லுவாங்க.

எஃப்பிஜிஏல (உள்ள இருக்கற சர்க்யூட்ட நாமளே அமைச்சுக்கற சிப்பு) போடறவங்களுக்கு கோஎஃபிஷியண்ட்ட ரெண்டின் அடுக்குகளோட கூட்டல் கழித்தலா எழுதறது உதவும், 0.9375ங்கறத 1 − 1/16ன்னு எழுதினா மல்டிப்ளையரே வேணாம். உங்க சிப்புல ஹார்டுவேர் மல்டிப்ளையர் சும்மா இருக்கு, அதனால அந்தப் பக்கமே போகாதீங்க.

ரவுண்ட் பண்ற பேச்சே வேணாம்னா அதுக்கும் ஒரு வழி இருக்கு, கோஎஃபிஷியண்ட்டே முழு எண்ணா இருக்கற ஃபில்டர். 1985ல பான், டாம்ப்கின்ஸ் எழுதின க்யூஆர்எஸ் (இசிஜில துடிப்போட கூர் முனை) கண்டுபிடிக்கற முறைல லோபாஸ், ஹைபாஸ் எல்லாம் அப்பிடித்தான், லோபாஸ்ல 1, 2, −1, −2 தவிர ஒரு நம்பரும் கிடையாது. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், 500 சாம்பிள்ல ஒரு சைக்கிள் சரியா 10 சாம்பிள், ஆக பத்து சாம்பிள கூட்டினாலே 50ம், 100ம், 150ம் மொத்தமா அடிபட்டுடும், ஒரு மல்டிப்ளை கூட இல்லாம. ஆனா 22 ஹெர்ட்ஸ்லயே 3 டிபி கொறஞ்சுடும், 40ல 12 டிபிக்கு மேல போயிடும், க்யூஆர்எஸ்ஸோட கூர் மழுங்கிடும். ஹார்ட் ரேட் எண்ண மட்டும்னா இது போதும், வடிவம் காட்டணும்னா கூடாது.

32 பிட் சிப்பு கேட்டீங்கல்ல. கார்டெக்ஸ் எம்4 மாதிரி 32க்கு 32 பெருக்கி 64 பிட் விடைய ஒரே சைக்கிள்ல தர்ற சிப்பு விலை ஒத்து வந்தா தாராளமா மாறுங்க, அந்த சிப்புகளுக்குன்னு ஆர்ம் கம்பெனி தர்ற சிஎம்எஸ்ஐஎஸ் லைப்ரரில 32 பிட் கோஎஃபிஷியண்ட், 64 பிட் ஸ்டேட்டோட ஒரு பைக்வாட் இருக்கு, இந்த மாதிரி ரொம்ப கீழ் கட்டாஃபுக்குன்னே வெச்சது, அத போட்டுட்டு தூங்கப் போகலாம். ஆனா எட்டாவது ஆர்டர் டைரக்ட் ஃபார்ம அப்பிடியே அங்க தூக்கிட்டுப் போகாதீங்க. போர்டு ஏற்கனவே ஆர்டர் போயாச்சு, பழைய சிப்புதான்னா, ஹைபாஸ ஜி, டி அமைப்புக்கு மாத்தி மிச்சத்த அடுத்த சாம்பிளுக்கு கொண்டு போங்க, லோபாஸ டாக்டர் பாக்கறதுக்குன்னா 61 டேப் எஃப்ஐஆர், இல்லன்னா ஏழாவது ஆர்டர் ஆல்பாஸ் ஜோடி.

முதல்ல ஹைபாஸ மட்டும் மாத்திட்டு டெஸ்ட் பண்ணுங்க, ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தினா எது கெட்டதுன்னு தெரியாது. லேப்டாப்புல திரும்ப ப்ளாட் போடறப்ப அசல் கோஎஃபிஷியண்ட்ட போடாம, போர்டுல இருக்கற அந்த முழு எண்கள 2இன் அடுக்கால வகுத்துப் போடுங்க, நான் அந்தக் காலத்துல அசலயே போட்டுப் போட்டு பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பறம் போர்டுல 2000ன்னு ஒரு டிசி இன்புட் ஒரு நிமிஷம் குடுங்க, அப்பிடியே 0க்கு எறக்கி இன்னொரு நிமிஷம் விடுங்க, ரெண்டு தடவையும் அவுட்புட் 0க்குப் பக்கத்துல ரெண்டு மூணு எண்ணுக்குள்ள வந்து நிக்கணும். நூத்துக்கணக்குல எங்கயாவது நின்னுதுன்னா மிச்சம் கூட்டற வரிய ஷிஃப்ட்டுக்கு அப்பறம் எழுதியிருக்கீங்கன்னு அர்த்தம், அத முன்னாடி தூக்கிப் போடுங்க.